ஓடும் நிரலை நிறுத்தும் சமிக்ஞைகள்: ஒரு வரலாறு

திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம், ஜவ்வாது மலையடிவாரத்தில் செய்யாற்றங்கரையில் உள்ள ஊர். வரலாறு படிப்போர் அதை நடுகற்களால் அறிவர். அங்கிருந்து நேர் வடக்கே, வரைபடத்தில் அளந்தால் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், அதே மலைத்தொடரின் மேல் காவலூர் இருக்கிறது. இன்று திருப்பத்தூர் மாவட்டத்தில் உள்ள இவ்வூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில் அமைந்தது. 1968-இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியுடன் இங்கு வானியல் ஆய்வு தொடங்கியது. 1972-இல் ஜெர்மனியின் யேனா நகரிலிருந்து கார்ல் சைஸ் நிறுவனத்தின் 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. உள்நாட்டிலேயே உருவான 2.34 மீட்டர் தொலைநோக்கியை 1986 ஜனவரி 6 அன்று அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தி திறந்துவைத்தார். வைணு பாப்பு வானாய்வகம் என்று பெயர் பெற்ற இந்த இடத்தில், 1980-களில் படிமங்களைப் பகுத்தாய வேக்ஸ் 11/780 என்ற கணினி நிறுவப்பட்டது.

வானாய்வகத்தின் வேலைக்கு ஒரு தனித்தன்மை உண்டு: தவறிய கணம் திரும்ப வராது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைக்க இருந்தது. எதிர்பார்த்த நேரத்துக்கு முன்பே அந்த விண்மீனின் ஒளி சில நொடிகள் மங்கி மீண்டதைக் காவலூரின் 1 மீட்டர் தொலைநோக்கி பதிவுசெய்தது. அதே மறைப்பை இந்தியப் பெருங்கடலுக்கு மேலே விமானத்தில் பறந்தபடி ஜேம்ஸ் எலியட்டின் அமெரிக்கக் குழுவும் பார்த்தது. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்பது இத்தகைய பதிவுகளிலிருந்து தெரியவந்தது. அந்தச் சில நொடிகளில் பதிவுக்கருவி நின்றிருந்தால் மறுநாள் மீண்டும் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இத்தகைய பதிவு வேலைகள் மெல்ல மெல்லக் கணினி நிரல்களின் கைக்கு வந்தன. அப்போது ஒரு புதிய கேள்வியும் உடன் வந்தது. நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருவர் விசைப்பலகையில் கண்ட்ரோல்-சி அழுத்துகிறார்; அல்லது நிர்வாகி கணினியை நிறுத்தச் சொல்கிறார். பாதி எழுதிய கோப்பு என்ன ஆகும்? திறந்த கதவை யார் மூடுவது? நிரலுக்கு இதைச் சொல்ல இயங்குதளம் பயன்படுத்தும் அறிவிப்புக்குச் சமிக்ஞை என்று பெயர். நிரலாளர் பேச்சில் அது 'சிக்னல்'.

மணியும் ஆசிரியரும்

சமிக்ஞையைப் பள்ளி மணிக்கு ஒப்பிடலாம். மணி யாரையும் கேட்டு அடிப்பதில்லை. கரும்பலகையில் ஆசிரியர் ஒரு சமன்பாட்டின் நடுவில் இருக்கும்போதும் அடிக்கும். நல்ல ஆசிரியர் சுண்ணக்கட்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடுவதில்லை. மணி அடித்ததை மனத்தில் குறித்துக்கொண்டு, எழுதிய வரியை முடித்து, வீட்டுப்பாடம் சொல்லிவிட்டு வெளியேறுகிறார். மணி அடித்ததே காதில் விழாததுபோல் அடுத்த பாடவேளையையும் எடுத்துக்கொள்பவரும் உண்டு. அவரால் பள்ளியின் கால அட்டவணையே குலையும். நிரல்களிலும் இந்த இரு வகையும் உண்டு. மூன்றாவது வகை, மணி அடித்த நொடியிலேயே மயங்கி விழுவது. எந்த ஏற்பாடும் செய்யாத நிரல் இந்த வகையைச் சேர்ந்தது. பெரும்பாலான சமிக்ஞைகள் வந்தால் அது அங்கேயே மடியும்.

வன்பொருளில் தொடக்கம்

குறுக்கீடு என்ற கருத்து இயங்குதளங்களுக்கு முந்தியது. தொடக்கக் காலக் கணினிகள் ஒரு துளை அட்டையைப் படிக்கவோ ஒரு வரியை அச்சிடவோ சொல்லிவிட்டு, வேலை முடிந்ததா முடிந்ததா என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தன. வேலை முடிந்ததும் கருவியே செயலியை அழைத்துச் சொன்னால் இந்தக் காத்திருப்பு மிச்சமாகும். அமெரிக்கத் தேசியத் தரநிலைகள் பணியகம் 1954-இல் முடித்த டைசியாக் என்ற கணினியில் இந்த வசதி இருந்தது. 1956-இல் யுனிவாக் 1103ஏ கணினியில், காற்றுச் சுரங்கச் சோதனைகளின் தரவு வரும்போது நடந்துகொண்டிருக்கும் கணக்கை இடைநிறுத்தி அதைப் பெற்றுக்கொள்ளும் ஏற்பாடு அமைந்தது.

பயன் தெரிந்த அளவுக்கு ஆபத்தும் சிலருக்குத் தெரிந்தது. நெதர்லாந்தில் எலெக்ட்ரோலோகிகா எக்ஸ்1 என்ற கணினியை வடிவமைத்தவர்கள் அதில் குறுக்கீட்டைச் சேர்க்க விரும்பியபோது, அதற்கு நிரல் எழுத வேண்டியிருந்த எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா கலங்கினார். அதுவரை ஒரே நிரலை ஒரே தரவுடன் இரண்டு முறை ஓட்டினால் இரண்டு முறையும் ஒரே வழியில் ஓடும். பிழை இருந்தால் மீண்டும் வரவழைத்துப் பார்க்கலாம். குறுக்கீடு வந்தபின் அந்த உறுதி போய்விட்டது. எந்த இரு கட்டளைகளுக்கு நடுவிலும் அது நுழையலாம். ஆயிரத்தில் ஒருமுறை மட்டும் தலைகாட்டும் பிழையைத் தேடிப் பிடிப்பது எப்படி? இந்தக் கவலையோடு அவர் எழுதிய குறுக்கீட்டு நிரலே 1959-இல் அவருடைய முனைவர் பட்ட ஆய்வேட்டுக்குப் பொருளாயிற்று. பின்னர் சமிக்ஞைகளில் நேர்ந்த பெரும்பாலான சிக்கல்கள் டைக்ஸ்ட்ராவின் இந்த அச்சத்தின் மறுபிறவிகளே.

மாணவர் இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். குறுக்கீடு கருவியிடமிருந்து செயலிக்கு வருவது. சமிக்ஞை இயங்குதளத்திடமிருந்து ஓடும் நிரலுக்கு வருவது. கண்ட்ரோல்-சி அழுத்தும்போது இரண்டும் நடக்கின்றன: விசைப்பலகை செயலிக்குக் குறுக்கீடு அனுப்புகிறது, இயங்குதளம் அது எந்த விசை என்று பார்த்து, அந்த முனையத்தில் ஓடும் நிரலுக்குச் சமிக்ஞை அனுப்புகிறது.

யுனிக்ஸ்: முதலில் இருந்தது சாவு மட்டுமே

இன்று லினக்ஸ், ஆண்ட்ராய்டு, மேக் ஆகியவற்றில் உள்ள சமிக்ஞைகள் அனைத்தும் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் உருவாக்கிய யுனிக்ஸிலிருந்து வந்தவை. 1971 நவம்பர் 3 என்று தேதியிட்ட அதன் முதல் கையேட்டிலேயே 'இன்டர்', 'குவிட்' என்ற இரு அழைப்புகள் உண்டு. ஒரு நிரல் அவற்றைப் பயன்படுத்தி, குறுக்கீடு வந்தால் புறக்கணிக்கலாம். தன் நிரலின் வேறொரு பகுதிக்குத் தாவலாம். ஒன்றும் செய்யாவிட்டால் மடியும். ஒவ்வொரு நிகழ்வுக்கும் தனி அழைப்பு என்றிருந்ததை 1973-இன் நான்காம் பதிப்பு மாற்றி, எண்ணிட்ட சமிக்ஞைகளுக்கு 'சிக்னல்' என்ற ஒரே பொது அழைப்பைத் தந்தது.

அந்த எண்கள் இன்றும் மாறவில்லை. 1 என்பது சிக்ஹப். தொலைபேசி வழியே இணைந்திருந்த முனையத்தில் ஒருவர் ஒலிவாங்கியை வைத்துவிட்டால், அல்லது இணைப்பு அறுந்தால், அவருடைய நிரல்களுக்கு இது போகும். 2 என்பது சிக்இன்ட், விசைப்பலகைக் குறுக்கீடு. 3 சிக்குவிட், நிரல் மடிவதோடு நினைவகத்தின் படியையும் கோப்பாக விட்டுச் செல்லும். 9 சிக்கில், இதைப் பிடிக்கவும் முடியாது, புறக்கணிக்கவும் முடியாது. கண்ட்ரோல்-சி என்ற விசைக்கூட்டு மட்டும் யுனிக்ஸில் பிறந்ததல்ல. அங்கே முதலில் குறுக்கீட்டு விசையாக இருந்தது அழிப்பு விசை. கண்ட்ரோல்-சி டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் கணினிகளிலிருந்து வந்த வழக்கம்.

தொலைபேசி இணைப்பு அறுவது அன்றைக்குப் பெரிய தொல்லை. அதை எதிர்கொண்ட விதத்தில்தான் நளினமாக நிறுத்துவதன் முதல் நல்ல எடுத்துக்காட்டுகள் கிடைக்கின்றன. யுனிக்ஸின் 'எட்' என்ற உரைத்தொகுப்பியில் ஒருவர் பக்கம் பக்கமாகத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார், கோப்பில் சேமிக்கவில்லை, இணைப்பு அறுகிறது. சிக்ஹப் வந்ததும் 'எட்' தன்னிடம் உள்ள உரையை 'எட்.ஹப்' என்ற கோப்பில் எழுதிவிட்டு வெளியேறியது. அதே தொகுப்பி குறுக்கீடு வந்தால் மடிவதில்லை; நடந்துகொண்டிருந்த கட்டளையைக் கைவிட்டு, ஒரு கேள்விக்குறியை அச்சிட்டு, அடுத்த கட்டளைக்குக் காத்திருந்தது. பின்னர் வந்த 'விஐ' தொகுப்பி இன்னும் ஒரு படி மேலே போய், உரையைப் பாதுகாத்து வைத்திருப்பதாகப் பயனருக்கு மின்னஞ்சலும் அனுப்பியது. ஒரே அறிவிப்புக்கு எல்லா நிரலும் ஒரே பதிலைத் தர வேண்டியதில்லை என்பதை அந்தச் சிறு நிரல்களை எழுதியவர்கள் உணர்ந்திருந்தனர்.

ஆனால் ஒரு நிரலை மற்றொருவர் நிறுத்த வேண்டுமானால்? அதற்கான கட்டளையின் பெயரே 'கில்'. 1975-இன் ஆறாம் பதிப்பில், எண் எதுவும் சொல்லாமல் அந்தக் கட்டளையைக் கொடுத்தால் அது 9-ஐ அனுப்பியது. அதாவது கேள்வி முறையின்றிக் கொலை. 1979-இல் வந்த ஏழாம் பதிப்பில் சிக்டெர்ம் என்ற 15ஆம் சமிக்ஞை இருந்தது. 'கில்' கட்டளை எண் சொல்லாவிட்டால் இனி அதையே அனுப்பியது. 15-ஐ நிரல் பிடிக்கலாம், கோப்புகளை மூடலாம், தற்காலிகக் கோப்புகளை அழிக்கலாம், பிறகு தானே வெளியேறலாம். கையேட்டில் ஒரு எண் மாறியது, அவ்வளவுதான். ஆனால் சமிக்ஞைகளின் ஐம்பதாண்டு வரலாற்றில் இதைவிடப் பெரிய திருப்பம் இல்லை எனலாம். நிறுத்துவது என்பதன் இயல்பான பொருள் கட்டாயத்திலிருந்து வேண்டுகோளுக்கு மாறியது. இன்றும் பலர் மனப்பாடமாக எடுத்த எடுப்பில் 9-ஐ அனுப்புவது, 1979-க்கு முந்தைய உலகில் வாழ்வதற்குச் சமம்.

பிடித்தாலும் நம்ப முடியாத காலம்

ஏழாம் பதிப்பின் சமிக்ஞைகளில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. சமிக்ஞையைப் பிடிக்கும் பகுதிக்குக் கையாளி என்று பெயர். சமிக்ஞை ஒருமுறை வந்து கையாளி அழைக்கப்பட்டவுடன், இயங்குதளம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அடுத்த முறை அதே சமிக்ஞை வந்தால் நிரல் மடியும். ஆகவே கையாளியின் முதல் வரியிலேயே தன்னை மீண்டும் பதிவுசெய்துகொள்வது வழக்கமாயிற்று. ஆனால் அழைக்கப்படுவதற்கும் அந்த முதல் வரி ஓடுவதற்கும் நடுவே ஒரு மிகச் சிறிய இடைவெளி உண்டு. பொறுமையற்ற ஒருவர் விசையை இரண்டு முறை படபடவென அழுத்தினால், இரண்டாவது அழுத்தம் அந்த இடைவெளியில் விழலாம். எல்லா ஏற்பாடும் செய்திருந்த நிரலும் அப்போது மடியும். டைக்ஸ்ட்ரா அஞ்சிய அதே வகைப் பிழை இது.

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் 1983-இல் வெளியிட்ட 4.2 பிஎஸ்டி பதிப்பு இதைச் சரிசெய்தது. அங்கே கையாளி பதிவிலேயே நிலைத்திருக்கும். அது ஓடும் நேரத்தில் அதே சமிக்ஞை மீண்டும் வந்தால் வாசலில் காத்திருக்கும். வேண்டிய சமிக்ஞைகளைச் சிறிது நேரம் தடுத்து வைக்கவும் நிரலுக்கு வழி கிடைத்தது. ஆனால் ஏடி அண்ட் டி நிறுவனத்தின் சிஸ்டம் ஃபைவ் வேறு வழியில் சென்றது. ஒரே பெயருள்ள அழைப்பு ஒரு கணினியில் ஒருவிதமாகவும் மற்றொன்றில் வேறுவிதமாகவும் நடந்துகொண்டது. 1988-இன் போசிக்ஸ் தரநிலை 'சிக்ஆக்‌ஷன்' என்ற புதிய அழைப்பை வகுத்து இந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்டியது. இன்று சி மொழியில் எழுதும் மாணவர் பழைய 'சிக்னல்' அழைப்பை விட்டு இதைப் பயன்படுத்த வேண்டும் என்று ஆசிரியர்கள் சொல்வதன் காரணம் இந்தப் பழங்கதைதான்.

காவலூரின் வேக்ஸ் கணினியில் வேறொரு மரபு

உலகம் முழுவதும் யுனிக்ஸ் வழியில் மட்டுமே சிந்திக்கவில்லை. டிஜிட்டல் நிறுவனம் 1977-இல் அறிவித்த வேக்ஸ் 11/780 கணினிக்கு அதே நிறுவனம் விஎம்எஸ் என்ற இயங்குதளத்தை உருவாக்கியது. காவலூரில் இருந்த கணினியின் வகை அதுவே. விஎம்எஸ்ஸில் நிறுத்தும் முறை யுனிக்ஸைவிட நிதானமானது என்றே சொல்ல வேண்டும்.

அங்கே கண்ட்ரோல்-ஒய் அழுத்தினால் நிரல் மடிவதில்லை, இடைநிறுத்தப்பட்டு நிற்கும். பயனர் முன் மூன்று வழிகள் இருக்கும். 'கன்டினியூ' என்று தட்டினால் விட்ட இடத்திலிருந்து நிரல் தொடரும். தவறுதலாக விசையைத் தொட்டுவிட்டவருக்கு இது எத்தனை பெரிய ஆறுதல்! 'எக்ஸிட்' என்றால் நிரல் முடியும். ஆனால் முடிவதற்கு முன் அது முன்கூட்டியே பதிவுசெய்து வைத்திருந்த வெளியேற்றக் கையாளிகள் ஓடி, கோப்புகளை மூடி ஒழுங்குசெய்யும். 'ஸ்டாப்' என்றால் அந்தக் கையாளிகள் ஓடாமலேயே நிரல் நிற்கும். யுனிக்ஸில் 15, 9 என்று எண்களில் மறைந்திருந்த வேறுபாடு இங்கே இரண்டு எளிய சொற்களில் வெளிப்படையாக இருந்தது. இரவு முழுக்கக் கண்விழித்து எடுத்த படிமங்களைப் பகுத்தாயும் ஒருவருக்கு இந்த மூன்று சொற்களும் வெறும் வசதி அல்ல. நிரலை நிறுத்தலாமா என்று தயங்கும் நேரத்தில் யோசிக்க இடம் தரும் ஏற்பாடு. இந்த மரபு பின்னாளில் யுனிக்ஸ் வகை இயங்குதளங்களின் பெருக்கத்தில் பின்தள்ளப்பட்டது வருத்தத்துக்குரியது.

பாதியில் நின்ற வேலை

நிரல் தன் சொந்தக் கணக்கைச் செய்துகொண்டிருக்கும்போது சமிக்ஞை வந்தால் சிக்கல் குறைவு. அது இயங்குதளத்திடம் ஒரு வேலையை ஒப்படைத்துவிட்டு, எடுத்துக்காட்டாக விசைப்பலகையிலிருந்து ஒரு வரிக்குக் காத்துக்கொண்டு, நிற்கும்போது வந்தால்? மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஐடிஎஸ் இயங்குதளம், நடந்துகொண்டிருந்த வேலையைப் பின்னோக்கி நகர்த்தி, நிரல் அதைத் தொடங்கவே இல்லை என்பது போன்ற நிலைக்குக் கொண்டுவந்து, பிறகு சமிக்ஞையைக் கவனிக்கும். செய்து முடிப்பது கடினம். நிரலாளருக்கோ மிக எளிது. யுனிக்ஸ் எதிர்வழியைத் தேர்ந்தது: வேலை குறுக்கிடப்பட்டது என்ற பிழை எண்ணுடன் அழைப்பு திரும்பும், மீண்டும் முயல்வது நிரலாளரின் பொறுப்பு.

ரிச்சர்ட் கேப்ரியல் 1990-களின் தொடக்கத்தில் பரவலாகப் படிக்கப்பட்ட ஒரு கட்டுரையில் இந்த ஒரே எடுத்துக்காட்டைக் கொண்டு, முழுமையான தீர்வைவிட எளிமையான அரைத்தீர்வே உலகில் பரவுகிறது என்று வாதிட்டார். அவர் சொன்னது நடந்தது. விலையும் கொடுக்க நேர்ந்தது. இந்தப் பிழை எண்ணைச் சரிபார்க்க மறந்த நிரல்கள் எண்ணற்றவை. பைத்தான் மொழி 2015-இல் வந்த 3.5ஆம் பதிப்பில்தான், குறுக்கிடப்பட்ட அழைப்பைத் தானாகவே மீண்டும் முயலும் முறைக்கு மாறியது. யுனிக்ஸின் அந்த முடிவுக்கும் இதற்கும் இடையே நாற்பது ஆண்டுகளுக்கு மேல்.

கையாளிக்குள் என்ன செய்யலாம்?

சமிக்ஞையைப் பிடிக்கக் கற்றவர் அடுத்து செய்யும் தவறு, எல்லா ஒழுங்குபடுத்தலையும் கையாளிக்குள்ளேயே செய்ய முயல்வது. கோப்பை எழுதுவது, செய்தியை அச்சிடுவது, நினைவகத்தை விடுவிப்பது என அதற்குள் எல்லாம் நுழைந்துவிடும். பார்க்க ஒழுங்காகத் தெரியும். ஆனால் ஒரு கடைக்காரர் பேரேட்டில் வரவை எழுதிவிட்டுச் செலவை எழுதப் பேனாவை வைக்கும் நேரத்தில், வேறொருவர் அதே பேரேட்டைப் பிடுங்கி அதே பக்கத்தில் எழுதத் தொடங்கினால் என்ன ஆகும்? நிரல் நினைவகம் ஒதுக்கும் வேலையில் பாதியில் இருக்கும்போது சமிக்ஞை வருகிறது. கையாளியும் நினைவகம் கேட்கிறது. ஒதுக்கீட்டுக் கணக்கு குலைகிறது. அல்லது, பூட்டிய பேரேடு திறக்கட்டும் என்று நிரல் தனக்காகத் தானே முடிவின்றிக் காத்துக் கிடக்கிறது. ஆகவே கையாளிக்குள் பாதுகாப்பாக அழைக்கக்கூடியவை எவை என்று போசிக்ஸ் ஒரு குறுகிய பட்டியலே தருகிறது. நாம் அன்றாடம் பயன்படுத்தும் அச்சிடும் அழைப்பும் நினைவகம் கேட்கும் அழைப்பும் அதில் இல்லை.

இது ஏட்டுச் சிக்கல் அல்ல. இத்தகைய கையாளிகளைக் கொண்டு ஒரு நிரலைக் கைப்பற்றலாம் என்று மிகாவ் ஸலெவ்ஸ்கி 2001-இலேயே விளக்கி எழுதினார். உலகின் பெரும்பாலான சேவையகங்களில் தொலைவிலிருந்து நுழைவதற்கான வாசலாக இருப்பது ஓப்பன்-எஸ்எஸ்எச் என்ற நிரல். ஒருவர் இணைந்தபின் குறித்த நேரத்துக்குள், இயல்பாக 120 நொடிக்குள், தன்னை அடையாளம் காட்டாவிட்டால் அது ஒரு நேரச் சமிக்ஞையால் இணைப்பைத் துண்டிக்கும். அந்தக் கையாளி பதிவேட்டில் ஒரு வரி எழுத முயன்றது. அந்த எழுதும் பணி உள்ளே நினைவகம் கேட்டது. 2006-இல் இந்தக் குறை கண்டறியப்பட்டுத் திருத்தப்பட்டது. 2020 அக்டோபரில் நிரலின் பதிவுப் பகுதியை மாற்றி எழுதியபோது, அந்தத் திருத்தத்தின் காவல் வரி தவறுதலாக நீங்கிவிட்டது. 2024 ஜூலை 1 அன்று குவாலிஸ் நிறுவனம் இதை அறிவித்தது. 32-பிட் லினக்ஸ் ஒன்றில், சராசரியாகப் 10,000 முயற்சிகளில், 6 முதல் 8 மணி நேரத்தில், கடவுச்சொல் எதுவுமின்றிக் கணினியின் முழு அதிகாரத்தையும் பெற முடிந்ததாக அது காட்டியது. பதிவேட்டில் ஒரு வரி எழுதும் ஆசைக்குக் கொடுக்க நேர்ந்த விலை இது.

சரியான வழி, பள்ளி ஆசிரியரின் வழிதான். கையாளி ஒரே ஒரு மாறியில் 'மணி அடித்தது' என்று குறித்துவிட்டுத் திரும்ப வேண்டும். முதன்மை நிரல் தன் சுழற்சியின் ஒவ்வொரு சுற்றிலும், கையில் பாதி வேலை எதுவும் இல்லாத இடத்தில், அந்த மாறியைப் பார்க்க வேண்டும். குறி இருந்தால் புதிய வேலை எடுக்காமல் இருப்பதை முடித்து வெளியேற வேண்டும். 1989-இன் சி மொழித் தரநிலை இதற்கென்றே ஒரு தனி மாறி வகையை வரையறுத்தது. படிக்கும்போதோ எழுதும்போதோ பாதி மதிப்பில் நிற்காத வகை அது.

இதிலும் ஒரு நுட்பம் உண்டு. நிரல் மாறியைப் பார்த்துவிட்டு, 'குறி இல்லை' என்று நம்பி, வெளித்தரவுக்காக உறங்கப் போகும் அந்த நொடியில் சமிக்ஞை வந்தால், குறி விழுந்திருக்கும், நிரலோ உறங்கிக்கொண்டிருக்கும். 1990-களின் தொடக்கத்தில் டேனியல் பெர்ன்ஸ்டைன் இதற்கு ஓர் எளிய உத்தியைச் சொன்னார். நிரல் தனக்குத் தானே ஒரு குழாய் அமைத்துக்கொள்கிறது. கையாளி அதில் ஒரு பைட்டைப் போடுகிறது. தரவுக்காகக் காத்திருக்கும் நிரல் அந்தக் குழாயையும் சேர்த்தே கவனித்திருப்பதால் உடனே விழித்துக்கொள்கிறது. 2007-இல் லினக்ஸ் இதே எண்ணத்தை இயங்குதளத்துக்குள்ளேயே கொண்டுவந்து, சமிக்ஞையை ஒரு கோப்பைப் படிப்பதுபோல் படிக்க வழிசெய்தது. பைத்தானில் நிலைமை இன்னும் எளிது. அங்கே உண்மையான கையாளி குறி மட்டுமே இடுகிறது. நிரலாளர் எழுதிய பகுதி பிறகு முதன்மை இழையில், இரண்டு பைட்குறிக் கட்டளைகளுக்கு நடுவே ஓடுகிறது.

பழைய யுனிக்ஸ் நிரல்களில் இன்னொரு நல்ல பழக்கமும் இருந்தது. பின்னணியில் ஓடும் நிரலுக்கு, பயனர் முன்னணியில் அழுத்தும் குறுக்கீடு போய்ச் சேரக்கூடாது என்பதற்காக, ஓடு நிரல் அந்தச் சமிக்ஞையைப் புறக்கணிக்கும்படி முன்பே அமைத்துவிடும். ஆகவே நிரல் தன் கையாளியைப் பதிவுசெய்யும் முன், குறுக்கீடு ஏற்கெனவே புறக்கணிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆம் என்றால் அப்படியே விட வேண்டும். தன்னைத் தொடங்கியவரின் விருப்பத்தை மதிக்கும் இந்த ஒரு வரி இன்றைய நிரல்களில் அரிதாகவே காணப்படுகிறது.

எவ்வளவு நேரம் பொறுப்பது?

வேண்டுகோளுக்கு எல்லை இல்லாவிட்டால் கணினியை நிறுத்தவே முடியாது. அதனால் 15-ஐ அனுப்பிவிட்டுச் சிறிது பொறுத்து, பிறகும் ஓடினால் 9-ஐ அனுப்புவது நிலைத்த வழக்கமாயிற்று. எவ்வளவு பொறுப்பது என்பதில்தான் வேறுபாடு. லினக்ஸின் சிஸ்டம்-டி இயல்பாக 90 நொடி பொறுக்கிறது. டாக்கர் 10 நொடி. குபர்னெட்டிஸ் 30 நொடி. டாக்கர் பெட்டிக்குள் ஓடும் நிரலுக்கு ஒரு கூடுதல் பொறி உண்டு. பெட்டியின் முதல் நிரலுக்கு எண் 1. முதல் நிரல் எந்தக் கையாளியும் வைக்காவிட்டால் 15 அதை அசைக்காது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒவ்வொரு முறையும் சரியாகப் 10 நொடி தாமதம் தெரியும். அதன் பின் நடப்பது கொலை.

தரவுத்தளங்கள் இந்த எல்லைகளை மிகுந்த கவனத்துடன் பகுத்திருக்கின்றன. போஸ்ட்கிரெஸ்-கியூஎல்லின் தலைமை நிரலுக்கு 15 வந்தால், புதியவர்களை ஏற்காமல், உள்ளே இருப்பவர்கள் தாங்களே வெளியேறும்வரை காத்திருக்கும். 2 வந்தால் நடப்பு வேலைகளைக் கைவிட்டு ஒழுங்காக மூடும். 3 வந்தால் உடனே நின்று, அடுத்த தொடக்கத்தில் தன் பதிவேட்டைக் கொண்டு மீளும். 9-ஐ அனுப்பாதீர்கள் என்று அதன் ஆவணமே எச்சரிக்கிறது.

மின்வெட்டுக்கும் ஒரு சமிக்ஞை

2008 முதல் சில ஆண்டுகள் தமிழ்நாட்டில் நிலவிய கடும் மின்வெட்டு பலருக்கு நினைவிருக்கும். மின்சாரம் அறிவித்துவிட்டுப் போவதில்லை. எந்தக் கையாளியும் அதைப் பிடிக்க முடியாது. ஆனால் இடையில் யுபிஎஸ் இருந்தால் நிலைமை மாறும். யுனிக்ஸின் சிஸ்டம் ஃபைவ் மரபில் சிக்பவர் என்றே ஒரு சமிக்ஞை உண்டு. யுபிஎஸ்ஸைக் கண்காணிக்கும் நிரல், மின்சாரம் போனதும் அதைக் கணினியின் முதல் நிரலான 'இனிட்'டுக்கு அனுப்பும். பழைய ரெட் ஹேட் லினக்ஸின் அமைப்புக் கோப்பில், மின்சாரம் போனால் இரண்டு நிமிடத்தில் கணினியை நிறுத்து என்று ஒரு வரியும், அதற்குள் திரும்பிவந்தால் நிறுத்தத்தை ரத்து செய் என்று இன்னொரு வரியும் இருந்தன. இரண்டு நிமிடம் கழிந்தால் எல்லா நிரல்களுக்கும் 15. சற்றுப் பொறுத்து 9. பிறகு கோப்பமைப்பு மூடப்படும். மின்கலத்தில் மிச்சமிருக்கும் சில நிமிடங்களை இயங்குதளம் நிரல்களுக்குப் பங்கிட்டுத் தரும் முறை இது.

2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பாஸ் லினக்ஸும் நிறுவித் தரப்பட்டது. அந்தக் கணினி இன்னும் வீட்டில் இருந்தால், செங்கத்தில் இருக்கும் மாணவரும் முனையத்தைத் திறந்து இதைச் செய்து பார்க்கலாம். நூறு வரிகளை, வரிக்கு ஒரு நொடி இடைவெளி விட்டு ஒரு கோப்பில் எழுதும் நிரலை ஓட்டிவிட்டு, நடுவில் ஒருமுறை 15-ஐயும் மறுமுறை 9-ஐயும் அனுப்பிக் கோப்பைத் திறந்து பார்த்தால் போதும். நிரலின் தாங்கலகத்தில் தேங்கியிருந்த வரிகளில் எவை கோப்பை வந்தடைந்தன, எவை காணாமற்போயின என்பது கண்ணெதிரே தெரியும். கையாளி வைத்த நிரல், வைக்காத நிரல் என இரண்டையும் ஓட்டி ஒப்பிடுவது இன்னும் நல்லது.

9-க்கும் யுபிஎஸ் இல்லாத மின்வெட்டுக்கும் கையாளி எழுத முடியாது என்பதால், கவனமான நிரலாளர் வேறொரு ஏற்பாட்டையும் செய்கிறார். பழைய கோப்பின் மேல் எழுதுவதில்லை. புதிய உள்ளடக்கத்தைத் தற்காலிகப் பெயரில் முழுமையாக எழுதி, அது வட்டில் இறங்கியதை உறுதிசெய்து, கடைசியில் பழைய பெயரை அதற்குச் சூட்டுகிறார். போசிக்ஸ் இயங்குதளங்களில் பெயர் மாற்றம் ஒரே செயலாக நடக்கும். எந்தக் கணத்தில் நிரல் மடிந்தாலும் அந்தப் பெயரில் இருப்பது முழுமையான பழைய கோப்பு, அல்லது முழுமையான புதிய கோப்பு.